சபைக் கடைக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், சபையைச் சேராவிட்டாலும் நம் மேசையைத் தேடி வந்து வாங்கிப்போகும் அன்பர்களுக்கும் சபைக் கடைக் குழுவினரின் ஸ்தோத்திரம்.

ஆராதனை முடிந்தபின் நாம் விரிக்கும் நியாய வணிக மேசையைப் பலரும் தர்ம காரியம் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள். இது தர்மம் இல்லை, வியாபாரம். உழைத்தவருக்குச் சேர வேண்டிய விலை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்யும் வியாபாரம். வாங்கி வைத்த பொருள் கெடாமல், கணக்குப் பிசகாமல், நாளுக்குள் விற்றுப் பணம் திரும்பினால்தான் அடுத்த கொள்முதல் நடக்கும். அதற்காக ஓசையில்லாமல் உழைத்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, ஆர்டர் தாளில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மாதம் தவறாமல் வாங்குகிறவர்களுக்கு. மொத்த விற்பனையாளர்கள் காபியையும் தேயிலையையும் பெட்டிக் கணக்கில்தான் தருகிறார்கள். பாதிப் பெட்டிக்கு மட்டும் ஆள் இருந்தால் மீதி அலமாரியில் கிடந்து நாள் கடந்துவிடும். உங்கள் கையெழுத்து தாளில் இருப்பதால் முழுப் பெட்டியைத் தைரியமாக வரவழைக்க முடிகிறது, அனுப்பும் செலவும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் குறைகிறது. கிறிஸ்மஸ் காலத்தில் மட்டும் மேசையைச் சூழும் கூட்டத்தை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். ஆனாலும் வருடம் முழுவதும் ஒரே ஒரு பாக்கெட் வாங்குகிற வீடுதான் இந்தக் கடையை நிற்க வைக்கிறது. விவசாயிகள் பக்கத்திலும் அப்படித்தான். நிச்சயமான கொள்முதல் ஒப்பந்தம் கையில் இருந்தால், ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரை அமைப்பின் விதிப்படி காபிக் கூட்டுறவுச் சங்கம் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்பணம் கேட்கலாம். அறுவடை நேரத்தில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லாத சங்கத்தைத்தான் இடைத்தரகர் குறைந்த விலைக்கு மடக்குகிறார்.

ஐக்கிய விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் வேண்டிய காபி, தேயிலை, சர்க்கரை எல்லாமே கடையிலிருந்துதான் என்று தீர்மானித்த சபைக் கமிட்டிக்கும் போதகருக்கும் தனி நன்றி. நம்முடைய மிகப் பெரிய நிரந்தர ஆர்டர் அதுதான்.

விலை பற்றிக் கேட்டவர்களுக்கும் நன்றி சொல்கிறோம். அந்தக் கேள்விகள்தான் எங்களைச் சரியாகப் படிக்க வைத்தன. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு ஃபேர்டிரேட் குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்டில் ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 454 கிராம்) 1.40 அமெரிக்க டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்த்தப்பட்டது. சந்தை விலை இதைவிடக் கீழே போனால் இந்த விலை காப்பாற்றும்; மேலே போனால் சந்தை விலையையே கொடுக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அதற்கு மேல் பவுண்டுக்கு 20 சென்ட் சமூக நிதி உண்டு. அதை எதற்குச் செலவழிப்பது என்று சங்கத்து உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். அதில் குறைந்தது 5 சென்ட் விளைச்சலுக்கும் தரத்துக்கும் போக வேண்டும். வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதால், 250 கிராம் காபித்தூளுக்குப் பச்சைக்கொட்டை சுமார் 300 கிராம் வேண்டும். ஆக, ஒரு பாக்கெட்டிலிருந்து சமூக நிதிக்குப் போவது 13 சென்ட் அளவு. சின்னத் தொகைதான், மறைக்கவில்லை. அதனால்தான் ஒருமுறை வாங்குவதைவிடத் தொடர்ந்து வாங்குவது பெரிது என்கிறோம்.

பொருள்களின்மேல் இருக்கும் நியாய வணிக முத்திரைகளைப் பொறுமையாக விளக்கிய வாலிபர் சங்கத்தாருக்கு நன்றி. ஃபேர்டிரேட் முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். சில பொருள்களில் ஒரு பகுதி மட்டுமே நியாய வணிகப் பொருளாக இருக்கும். தேயிலை, கோகோ, கரும்புச் சர்க்கரை, பழச்சாறு ஆகிய நான்கிலும் ஆலையில் மற்றச் சரக்கோடு கலந்து பதப்படுத்தவும் அனுமதி உண்டு. வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும். காபியில் அப்படிக் கலக்க அனுமதி இல்லை. கூடை, துணி, மரச்சாமான் போன்ற கைவினைப் பொருள்களில் பெரும்பாலும் காண்பது உலக நியாய வணிக அமைப்பின் முத்திரை. அது தனிப்பொருளுக்கு அல்ல, அந்த நிறுவனம் முழுவதும் பத்துக் கொள்கைகளின்படி நடக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. கைவினைஞர் கேட்டால் பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுப்பதும் அதில் அடங்கும். இதையெல்லாம் மேசையில் நின்று, வரிசை நீளும்போதும் முகம் சுளிக்காமல் சொன்னார்கள்.

சரக்கு அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளின் வேலை வெளியே தெரியாது. வாசனைச் சோப்பையும் மெழுகுவர்த்தியையும் தேயிலையோடு ஒரே தட்டில் வைத்தால் தேயிலை அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெட்டியை யாருக்கும் விற்க முடியாது. இரண்டையும் தனித்தனி அலமாரியில் பிரித்தவர்கள் அவர்கள்தான். புதிதாக வந்ததைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்குவது, கூடைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகைமேல் வைப்பது (நார்க்கூடையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்), நெய்த துணியில் விலைச்சீட்டை ஒட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் அவர்கள் வகுத்த முறை. பசை துணியில் கறையாகத் தங்கிவிடும். பாக்கெட்டிலும் காலாவதித் தேதிமேல் சீட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சாக்லேட்டில் வெள்ளைப் பூச்சு கண்டு திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி, அது புகார் அல்ல, உதவி. உடல்சூட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே கோகோ வெண்ணெய் உருகும். உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெளுப்பாகப் படியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் ஈரம் படிந்து சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெளுப்பு வரும். இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுவைதான் மாறும். இப்போது சாக்லேட்டை ஆராதனை முடியும் நேரத்தில் மட்டும் வெளியே எடுக்கிறோம். ஜன்னல் பக்கம் வைப்பதே இல்லை.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு என்ன சொன்னாலும் போதாது. கடைப் பணம் காணிக்கையோடு கலக்காமல் தனிப்பெட்டி, தனி வங்கிக்கணக்கு. எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர். தொடங்கும்போது வைத்த சில்லறை தனியாக. இருப்போடு வரவைக் கூட்டி, விற்றதையும் மீதியையும் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சுவை பார்க்கத் திறந்த பாக்கெட்டை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கென்று தனிக்கட்டம் போட்ட பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி என்ற ஏற்பாட்டில் வரும் கைவினைப் பொருள்களுக்குத் திருப்ப வேண்டிய கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைப்பதும் அவர்களே. தேதி தப்பினால் அது நம் சொந்தச் சரக்காகிவிடும்.

சபைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. 1946இல் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர், புவேர்ட்டோ ரிக்கோ பெண்களின் பூத்தையல் வேலைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். 1988இல் நெதர்லாந்தில் வந்த முதல் நியாய வணிக முத்திரையான மாக்ஸ் ஹாவலாருக்குப் பின்னாலும், மெக்சிகோ காபி விவசாயிகளோடு வாழ்ந்த ஒரு குருவானவரும் சபைகள் சேர்ந்து நடத்திய ஓர் உதவி நிறுவனமும் இருந்தார்கள்.

அடுத்த ஆர்டர் தாள் மண்டப வாசலில் தொங்குகிறது. பெயர், பொருள், எண்ணிக்கை எழுதுங்கள். காபி என்றால் தூளா கொட்டையா என்றும் குறிப்பிடுங்கள். போன தாளில் எழுதிவிட்டு இன்னும் எடுத்துப் போகாதவர்களின் பொட்டலங்கள் கீழ்த்தட்டில் பெயரோடு பத்திரமாக இருக்கின்றன.

அன்புடனும் நன்றியுடனும்,
சபைக் கடைக் குழுவினர்