பிளீச்சில் தண்ணீர் சேர்க்கலாம், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் கேமராவை மறுபடியும் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டிலேயே கலர் ரோல் கழுவுகிறார்கள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மதுரையில் கலர் லேப்களில் மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவன் நான். அந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. செலவைக் குறைக்க, கலர் பிலிம் கழுவும் மருந்துகளில் ஒன்றான பிளீச்சில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறீர்கள். எந்த பிளீச், எவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பிளீச் என்றதும் பாத்ரூம் கழுவும் பாட்டிலையோ பிளீச்சிங் பவுடரையோ யாரும் எடுத்துவிடக் கூடாது. அதில் இருப்பது குளோரின் சரக்கு. பிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டினைக் கரைத்து, படத்தையே வழித்து எடுத்துவிடும். அதைவிட மோசம், பிலிம் கழுவும் மருந்துகளில் அமிலமும் அம்மோனிய உப்பும் உண்டு. அவற்றோடு குளோரின் சரக்கு சேர்ந்தால் வருகிற வாயு நுரையீரலைக் கெடுக்கும். கதவை மூடிக்கொண்டு பாத்ரூமில் பிலிம் கழுவும் பிள்ளைகளுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

கலர் நெகட்டிவுக்கான பிளீச் வேறு. அது இரும்பு உப்பு சேர்ந்த, டிகாஷன் நிறத்தில் இருக்கும் மருந்து. கோடாக் 1972-இல் கொண்டுவந்த சி-41 முறையில்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கக் கலர் நெகட்டிவ் கழுவுகிறார்கள். அதில் படத்தை முதலில் எழுப்பும் மருந்தான டெவலப்பருக்கு 3 நிமிடம் 15 விநாடி, 37.8 டிகிரி. இந்தச் சூட்டில் 0.15 டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது கணக்கு. டெவலப்பரில்தான் கலர் சாயமும் கருப்பு வெள்ளியும் சேர்ந்தே உருவாகின்றன. அந்த வெள்ளியை மறுபடி உப்பாக மாற்றுவது பிளீச்சின் வேலை. அப்படி மாறியதைக் கரைத்து எடுப்பது ஹைப்போ என்கிற மருந்து. கடைசியில் சாயம் மட்டும் பிலிமில் நிற்கும்.

பிளீச்சின் நல்ல குணம், மாற்ற வெள்ளி இல்லாமல் போனால் அதோடு நின்றுவிடும். கூடுதல் நேரம் கிடந்தாலும் படம் கெடாது. சூடும் 24-இலிருந்து 41 டிகிரி வரை எதுவாகவும் இருக்கலாம். நம் ஊரில் அது வருஷம் பூராவும் வீட்டுக்குள் இருக்கிற சூடுதான், வெந்நீர் வைக்க வேண்டியதே இல்லை. டெவலப்பரில் இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. அதை நீர்த்துவிட்டு நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் மூன்று கலர் அடுக்கும் மூன்று விதமாகப் போய்விடும். ஆக, மிச்சம் பிடித்தே தீர வேண்டும் என்றால் அதற்கு இடம் கொடுக்கிற மருந்து பிளீச்தான். அந்த அளவில் உங்கள் கட்டுரை சொன்னது சரி. சொல்லாமல் விட்டது நேரத்தை.

150 மில்லி பிளீச்சில் 150 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஒரு ரோல் டேங்குக்குப் போதும். ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் 6 நிமிடம் 30 விநாடியை அப்படியே வைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 13 நிமிடம். நான் 15 வைப்பேன். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நீர்த்ததை அன்றைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, நல்ல பாட்டிலில் திருப்பி ஊற்றாமல் இருக்க வேண்டும். தண்ணீர் சேர்த்த பிளீச்சுக்கு அமிலத் தெம்பும் குறைவு. பிலிமோடு ஒட்டி வரும் டெவலப்பர் அதை இன்னும் குறைத்துவிட்டால் சயான் என்கிற நீலப்பச்சைச் சாயம் முழுதாக எழும்பாது. டெவலப்பருக்கும் பிளீச்சுக்கும் நடுவில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் பிளீச் ஊற்றினால் போதும். தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம்.

நீர்க்காத பிளீச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் அதற்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். வேலை செய்து சோர்ந்த இரும்பு, காற்று பட்டால் மறுபடி தெம்பாகும். லேப் மெஷினில் பிளீச் டேங்குக்குள் காற்றுக் குமிழி விடுவது இதற்காகத்தான். வீட்டில் மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்ப் போதும். டெவலப்பருக்கோ ஹைப்போவுக்கோ இதைச் செய்துவிடாதீர்கள், இரண்டும் காற்றில் கெட்டுப்போகும். பிளீச்சும் ஹைப்போவும் ஒன்றாகவே கலந்து வருகிற பிளிக்ஸ் பாக்கெட் வாங்கியவர்கள் தண்ணீர் கூட்டவே வேண்டாம். அதில் ஹைப்போவும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

வெள்ளி முழுக்கப் போயிற்றா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரோலின் நுனியில் வெளிச்சம் பட்டுக் கருத்திருக்கும் துண்டை, கழுவி உலர்ந்ததும் டிவி ரிமோட்டின் முனையில் வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டே செல்போனின் முன் கேமராவில் பாருங்கள். ரிமோட்டிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சாயம் அதை விட்டுவிடும், வெள்ளி மறிக்கும். துண்டு வழியாக அந்த வெளிச்சப் புள்ளி பளிச்சென்று தெரிந்தால் பிளீச் வேலை முடிந்தது. மங்கினாலோ தெரியாமல் போனாலோ வெள்ளி மிச்சம் இருக்கிறது.

சித்திரைத் திருவிழா முடிந்து ஒரு கல்லூரிப் பையன் நெகட்டிவ் கொண்டுவந்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற படம். ஸ்கேன் செய்தால் எல்லாமே அழுக்கேறிய மாதிரி, குருணை குருணையாக. பச்சைப்பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் செழிப்பு என்று பட்டின் நிறத்தைப் பார்த்து நிற்கிற ஊர் இது. அந்தப் படத்தில் பட்டு பச்சையா கருப்பா என்றே சொல்ல முடியவில்லை. பிலிமே கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். ரிமோட் வெளிச்சம் அந்தத் துண்டைத் தாண்டவே இல்லை. நல்ல பிளீச்சில் மறுபடி போட்டு, கழுவி, ஹைப்போவில் விட்டு எடுத்தோம். பகல் வெளிச்சத்திலேயே செய்யலாம், இருட்டு வேண்டாம். பட்டு பச்சையாக வந்தது. பிளீச் குறைந்த நெகட்டிவை வருஷங்கள் கழித்தும் இப்படிச் சரிசெய்யலாம். வீட்டில் பழைய கல்யாண நெகட்டிவ் மங்கலாகக் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ரிமோட் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பிலிமிலிருந்து வருகிற வெள்ளி சேர்வது ஹைப்போவில். அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது, மீனுக்கும் மற்ற நீர்வாழ் உயிர்களுக்கும் ஆகாது. லேப்கள் ஓடிய காலத்தில் வெள்ளி எடுப்பவர்கள் வந்து கேன் கேனாக வாங்கிப் போனார்கள். வீட்டில் கழுவுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கேனில் சேர்த்து வைத்தால் இப்போதும் அப்படி யாரிடமாவது கொடுக்க முடியும்.

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடியே போய்விட்டது. இப்போது ஒவ்வொரு கலர் ரோலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, காசும் அதிகம். கைக்காசு போட்டு எடுத்த படம் பிளீச்சில் கெட்டதாக இருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்த நேரக் கணக்கையும், வீட்டு பிளீச் பற்றிய எச்சரிக்கையையும் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கலர் லேப் ஆபரேட்டர்,
செல்லூர், மதுரை.