உன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், மல்லிகா

தென்காசி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த ரிப்போர்ட் நகலும் வியாழக்கிழமையே வந்துவிட்டன. காய்ச்சல் சீசன் என்பதால் லேபில் கூட்டம் தாங்கவில்லை. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. வெளியே சாரல் விட்டபாடில்லை. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாளா! அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ என் கல்யாணத்துக்கு வந்து நின்றது அப்படியே கண்ணில் நிற்கிறது.

சரி, உன் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 9.6. ஃபெரிட்டின் 58, பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சுகர் (HbA1c) 6.3. எடை 84 கிலோ. நாத்தனார் இரும்பு மாத்திரை போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இரும்பு கூடினால் சுகர் வரும் என்று பயமுறுத்துகிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேருமே பாதி உண்மையைச் சொல்கிறார்கள். ஆனால் உன் விஷயத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த 'நார்மல்' என்ற சொல்லைத்தான்.

ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்பைச் சேர்த்து வைக்கும் பத்தாயம். இருப்பு குறைந்தால் அந்த எண்ணும் குறையும். ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது கிருமியோ காயமோ வந்தால் உடம்பு காட்டும் எதிர்ப்பு, இருந்தால், இருப்பு இல்லாமலேயே எண் ஏறிவிடும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, சாம்பலுக்கடியில் கனல் மாதிரி ஓயாத அழற்சியை வைத்துக்கொண்டிருக்கும். கிருமி நுழைந்துவிட்டது என்று நினைத்துக் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்பதற்காக அது குடலில் இரும்பு உள்ளே வரும் வாசலைச் சாத்திவிடும். பத்தாயத்தில் மிச்சம் இருப்பதையும் வெளியே விடாது. அதனால்தான் குண்டான உடம்பிலும் ரத்தம் குறைகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்த ஹெப்சிடினையே கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால், 'நன்றாகத்தானே சாப்பிடுகிறாள், இவளுக்கு எப்படி ரத்தசோகை' என்று எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ.

சாதாரணமாக ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை. அழற்சி இருக்கும் பெரியவர்களுக்கு 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்படச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் 58-ஐ அப்படிப் பார். உன் ரத்தம் என் கையில் இருந்திருந்தால் ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்திருப்பேன். இரும்பு இல்லாத சிவப்பணு நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையல் மாதிரி தெரியும். இத்தனை வருடத்தில் எவ்வளவோ பார்த்துவிட்டேன், இன்னும் அதைக் கண்டால் மனசு கஷ்டப்படுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. எங்கள் லேபுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பையன் வருவான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. நாம் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, அது கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் போய்ப் படியும். இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு அந்தத் துருவைத் தாங்கும் சக்தி குறைவு. பதினேழு வயதிலேயே அவனுக்கு இன்சுலின் ஊசி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எந்த நரம்புக்கா இன்னைக்கு?" என்று அவனே கேட்பான்.

நம்மைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களிடம் 1989, 90-ல் எடுத்து வைத்த ரத்தத்தைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2004-ல் வெளியானது. ஃபெரிட்டின் அதிகமாக இருந்தவர்களுக்குப் பிற்பாடு சுகர் வந்தது அதிகம். எடையையும் அழற்சியையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அதனால் தேவை இருக்கிறதா என்று பார்க்காமல் இரும்பு மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதும் தப்புத்தான்.

உன் 6.3-ஐப் பார்த்துக் கலங்காதே. இது என் சொந்த அனுபவம். நான்கு வருடத்துக்கு முன் எனக்கு ஹீமோகுளோபின் 7.8, மூன்று மாதச் சுகர் 6.4. வெறும் வயிற்றுச் சுகர் 92-தான். ஆனாலும் ஒரு டாக்டர் சுகர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதச் சுகர் டெஸ்ட் அளப்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரும்பு இல்லாவிட்டால் புதுசு வருவது குறைந்து, பழசே ரத்தத்தில் அதிகமாகச் சுற்றும். பழசாக ஆகச் சர்க்கரை அதில் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், எண்ணும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வேறொரு டாக்டரைப் பார்த்து, இரும்பு ஏறிய பிறகு எடுத்தபோது எனக்கு 5.8. அந்தச் சில மாதங்கள் நான் சரியாகத் தூங்கவில்லை, மல்லிகா. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டாக்டரிடம் போகும்போது மூன்று டெஸ்ட்டுகளைப் பற்றிக் கேள்: அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷன், அப்புறம் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சுகர். நீ எழுதாமல் விட்டதையும் அவரிடம் சொல்லிவிடு: மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று. வெட்கப்படாதே. மாத்திரை எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடு, போட்ட கையோடு டீ குடிக்காதே. எடை கொஞ்சம் குறைந்தால் ஹெப்சிடினும் இறங்கும், சாத்திய வாசல் திறக்கும். மாத்திரை டாக்டர் சொன்ன பிறகுதான், சாயங்கால நடையை இன்றைக்கே ஆரம்பி.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி பத்து மணி ஆனாலும் பரவாயில்லை, நான் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அன்புடன்,
செல்வி