இசை கேட்போர் மன்றம்: 2024-25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் விருந்தினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மன்றம் செய்த பணிகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, சந்தா நிலுவை ஆகியவையும் அவருடைய அறிக்கையில் வரும்.

சென்ற பேரவையின் தீர்மானப்படி, இந்த ஆண்டு முழுவதும் ஒரே கலைஞரின் ஒலிப்பதிவுகளை, அவை வெளிவந்த வரிசையிலேயே கேட்டோம். தேர்வானவர் கொலம்பியப் பாடகி ஷகீரா. பெயர் முன்மொழியப்பட்டபோது செயற்குழுவில் மறுப்பு எழுந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். கால்பந்து உலகக் கோப்பைப் பாட்டையும் நடனத்தையும் தாண்டி அவரிடம் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் அறிந்திருந்தது அவருடைய ஆங்கிலப் பாடல்களை மட்டுமே. அவை அவருடைய உழைப்பில் ஒரு பாதிகூட இல்லை. பாட்டு எழுதுகிறவராகவே அவரை முதலில் மதிக்க வேண்டும், அதற்கு ஸ்பானிய ஆல்பங்களைக் கேட்டாக வேண்டும் என்று நான் அப்போது வாதிட்டேன். ஆண்டு முடிவில் அந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

1977 பிப்ரவரி 2 அன்று கரீபியக் கடலோர நகரமான பரான்கியாவில் பிறந்தவர் ஷகீரா இசபெல் மெபாராக் ரிபோல். தந்தை லெபனான் வழிவந்தவர். பள்ளியில் சேர்ந்திசைக் குழுவில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டார்கள். அவருடைய அதிர்வுக் குரல் மற்றக் குழந்தைகளின் குரலோடு சேரவில்லை, ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று கேலியும் செய்தார்கள். பின்னாளில் உலகம் அவரை ஒரே வரியில் அடையாளம் கண்டுகொண்டது அந்த அதிர்வை வைத்துத்தான். பதின்மூன்று வயதில் சோனி நிறுவனத்தின் கொலம்பியக் கிளை அவரோடு மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டது.

முதல் ஆல்பம் 'மாஹியா' 1991-இல் வந்தது. சிறுவயதிலிருந்து எழுதி வைத்த பாடல்கள் அதில் இருந்தன. விற்கவில்லை. 1993-இல் வந்த 'பெலீக்ரோ'வும் எடுபடவில்லை. அதே ஆண்டு சிலியின் வீனா தெல் மார் இசை விழாவில் மூன்றாம் இடம் பெற்றார் என்பதுதான் அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த ஆறுதல். இந்த இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட வேண்டாம் என்பது பாடகியின் விருப்பம். இணையத்தில் யாரோ ஏற்றி வைத்த பிரதிகள் கிடைக்கின்றன. அவற்றை நம் அமர்வில் ஒலிக்க வைப்பதா என்று காரசாரமாக விவாதித்தோம். வளர்ச்சியை வரிசையாகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு முதல் படியை விடலாமா என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். கலைஞர் தாமாக ஒதுக்கி வைத்ததைப் பொது அமர்வில் போடுவதில்லை என்று இறுதியில் முடிவாயிற்று. அந்த முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன். மன்றத்தின் இனிவரும் ஆண்டுகளுக்கும் இதையே விதியாக எழுதி வைக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

ஆகவே நம் முதல் அமர்வு 1995-இன் 'பியெஸ் தெஸ்கால்சோஸ்' ஆல்பத்தோடு தொடங்கியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த கடைசி வாய்ப்பு இது. இதுவும் தோற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த முறை பாடல்களையும் ஒலியையும் பிறர் கையில் விடாமல், தயாரிப்பாளர் லூயிஸ் ஃபெர்னாண்டோ ஒச்சோவாவோடு உட்கார்ந்து தாமே உருவாக்கினார். 'எஸ்தோய் அகி' பாட்டில் சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஓடிவரும். வரிகளின் தமிழாக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள்கூட இரண்டாம் சரணத்துக்குள் தவறவிட்டார்கள். 'அன்தோலோஹியா' அதற்கு நேர்மாறு. நிதானமாக நினைவுகளை எடுத்து அடுக்குகிறது. அன்று அரங்கை நிசப்தமாக்கியது 'சே கியேரே, சே மாத்தா'. காதலித்த ஒரு சிறுபெண் கருவுற்று, ஊருக்குப் பயந்து கருக்கலைப்புக்குப் போய் உயிரை விடும் கதை. துள்ளலான தாளத்தில் அதைப் பாடியிருக்கிறார். எழுதியபோது அவர் வயது இருபதைத் தொடவில்லை. ஆல்பத்தின் பெயரிலேயே 1997-இல் ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். இன்றும் அது கொலம்பியாவில் பள்ளிகளைக் கட்டி வருகிறது.

அடுத்த ஆல்பத்துக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளை ஒதுக்கினோம். அந்த அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது. பொகோட்டா விமான நிலையத்தில், புதிய பாடல்களை எழுதி வைத்திருந்த பெட்டியைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். 'திருடர்கள் எங்கே' என்று பொருள்படும் 'தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்' என்ற தலைப்பு அந்த நிகழ்ச்சியிலிருந்து வந்தது. 1998-இல் வெளியான இந்த ஆல்பத்துக்கு மயாமியின் எமிலியோ எஸ்டெஃபான் தலைமைத் தயாரிப்பாளராக நின்றார். பாடல் எழுதும் பொறுப்பும் தயாரிப்பில் பங்கும் ஷகீராவிடமே இருந்தன. 'ஒக்தாவோ தியா' பாட்டில், உலகைப் படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போன கடவுள் எட்டாம் நாள் திரும்பி வந்து, எல்லாம் பாழாய்க் கிடப்பதைக் காண்கிறார். அதிகாரத்தில் இருப்பவர்களை இவ்வளவு நேராகக் குத்தும் பாட்டைப் பாப் இசை ஆல்பத்தில் எதிர்பார்க்கவில்லை என்று, முதலில் மறுப்புச் சொன்ன மூத்த உறுப்பினர் ஒருவரே எழுந்து சொன்னார். 'இனெவித்தாப்லே' ஒரு காதல் பாட்டு. ஆனால் அதில் வரும் பெண் தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள், காதலை அதற்கு நடுவில்தான் ஒப்புக்கொள்கிறாள். 'ஓஹோஸ் அஸீ'யில் அரபு வரிகள் ஸ்பானியத்தோடு கலக்கின்றன. தந்தை வழி வந்த இசை முதன்முதலாக அவருடைய ஒலிப்பதிவில் முழுக் குரலெடுத்தது இங்கேதான். நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் தம் நாட்டின் இந்த இளம்பெண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதியதும் இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான்.

இதே பாடல்களில் பெரும்பாலானவற்றை 1999 ஆகஸ்டில் நியூயார்க்கில் 'எம்டிவி அன்பிளக்ட்' நிகழ்ச்சிக்காக மேடையில் பாடினார். 2000-இல் ஆல்பமாக வந்தது. அவருடைய ஒலிப்பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். மின் கருவிகளின் பளபளப்பு இல்லாததால் குரல் எங்கே உடைகிறது, எங்கே வேண்டுமென்றே உடைக்கிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது. 'சியேகா, சோர்தோமூதா' பாட்டுக்கு மெக்சிகோவின் மரியாச்சி குழுவை மேடைக்கு அழைத்து வந்தார். வயலினும் எக்காளமும் சேர்ந்ததும் அது வேறு பாட்டாகிவிட்டது. ஸ்டூடியோப் பதிவையும் மேடைப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு ஒப்பிட்ட அந்த மாலை, இந்த ஆண்டின் சிறந்த அமர்வு என்று பலரும் சொன்னார்கள். 2000-இல் நடந்த முதல் லத்தீன் கிராமி விழாவில் 'ஓஹோஸ் அஸீ' பாப் பிரிவிலும் 'ஒக்தாவோ தியா' ராக் பிரிவிலும் அவருக்கு விருது பெற்றுத் தந்தன. 2001-இல் இந்த ஆல்பத்துக்கே முதல் கிராமி கிடைத்தது.

2001 நவம்பரில் வந்த 'லாண்ட்ரி சர்வீஸ்' பற்றி மன்றத்தில் கருத்து ஒன்றுபடவில்லை. அமெரிக்கச் சந்தைக்காகத் தம்மை மாற்றிக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். அவர் போன வழியைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். பாடல்களை வேறொருவர் மொழிபெயர்த்துக் கொடுக்க, வாயசைத்துப் பாடிவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆங்கிலத்திலும் எழுதுவதானால் தாமே எழுத வேண்டும் என்று அகராதியோடு உட்கார்ந்தார். பாடகரும் கவிஞருமான லெனர்ட் கோஹன், அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் எழுத்துகளைப் படித்தார். ஊக்கம் தந்தவர் கியூபாவில் பிறந்த அமெரிக்கப் பாடகி குளோரியா எஸ்டெஃபான். 'வெனெவர், வேர்எவர்' பாட்டின் ஆங்கில வரிகளில் குளோரியாவின் பங்கும் உண்டு. அந்தப் பாட்டில் ஒலிப்பவை ஆண்டீஸ் மலைநாட்டுக் குழலும் சரங்கோ என்ற சிறு நரம்புக் கருவியும். அவற்றை வைத்துக்கொண்டு ஷகீரா அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனார். ஆல்பத்தின் பதின்மூன்று தடங்களில் நான்கு ஸ்பானிய மொழியிலேயே இருந்தன. தம் பழைய கேட்போரை அவர் கைவிட்டதாக என்னால் சொல்ல முடியாது. ஆங்கில வரிகள் சில இடங்களில் விநோதமாக இருக்கின்றன என்ற விமர்சனம் அன்றே வந்தது, நம் அமர்விலும் வந்தது. அந்த விநோதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மொழியில் பிறந்த ஒருவர் அப்படி எழுதத் துணிய மாட்டார்.

பிறகு வந்த வேலைதான் என்னை வியக்க வைத்தது. அறுபது பாடல்கள் அளவுக்கு எழுதிக் குவித்துவிட்டு, அவற்றிலிருந்து தேர்ந்து 2005-இல் இரண்டு தனி ஆல்பங்களாக்கினார். ஜூனில் வந்த 'ஃபிஹாசியோன் ஓரல்' ஸ்பானியம். நவம்பரில் வந்த 'ஓரல் ஃபிக்ஸேஷன்' ஆங்கிலம். ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றொன்று வரவில்லை. பாடல்கள் பெரும்பாலும் வேறு, மனநிலை வேறு. உலகப் புகழ் பெற்றபின் ஸ்பானிய ஆல்பத்தை முதலில் வெளியிட்டதற்குத் துணிச்சல் வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் அது நான்காம் இடத்தில் நுழைந்தது. ஸ்பெயின் பாடகர் அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய 'லா தோர்தூரா' லத்தீன் பாடல் பட்டியலில் இருபத்தைந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அர்ஜென்டினாவின் ராக் இசைஞர் குஸ்தாவோ செராத்தியோடு சேர்ந்து செய்த 'நோ' என்ற பாட்டை நம் உறுப்பினர்கள் இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆங்கில ஆல்பம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. அடுத்த ஆண்டு மறுபதிப்பில் 'ஹிப்ஸ் டோன்ட் லை' சேர்க்கப்பட்டது. ராப் பாடகர் வைக்ளெஃப் ஜான் முன்பே ஒரு திரைப்படத்துக்குச் செய்திருந்த பாட்டின் மறுவடிவம் அது. தொடக்கத்தில் வரும் எக்காளம் போர்ட்டோ ரிக்கோவின் ஜெர்ரி ரிவேரா 1992-இல் பாடிய சல்சா பாட்டிலிருந்து எடுத்தது. 2006 ஜூனில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. பாட்டுக்கு நடுவே தம் பரான்கியா ஊரில் இப்படித்தான் ஆடுவார்கள் என்று ஸ்பானியத்தில் பாடுகிறார். நல்ல பாட்டு. ஆனால் இதை வைத்து மட்டும் அவரை அறிந்தவர்கள் எவ்வளவை இழக்கிறார்கள் என்பது, முந்தைய ஆல்பங்களைக் கேட்டுவிட்டு இங்கே வந்தபோது எல்லோருக்கும் புரிந்தது.

2009-இன் 'ஷீ வுல்ஃப்', 2010-இன் 'சாலே எல் சோல்', 2014-இன் 'ஷகீரா' மூன்றையும் ஒரே அமர்வில் கேட்டோம். இவற்றில் 'சாலே எல் சோல்' மட்டுமே எனக்கு மறுபடி கேட்கத் தோன்றுகிறது. அதில் டொமினிக்கக் குடியரசின் மெரெங்கே தாளம் உயிரோடு இருக்கிறது. 2010 உலகக் கோப்பையின் 'வாக்கா வாக்கா' பற்றிப் பேசும்போது, அதன் பல்லவி கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986-இல் பாடிய 'சங்கலேவா'வின் பல்லவி என்பதை எடுத்துச் சொல்லி, அந்த மூலப் பாட்டையும் ஒலிக்க வைத்தோம். பலரும் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

2016-இல் கொலம்பியப் பாடகர் கார்லோஸ் விவெஸோடு பாடிய 'லா பிசிக்லேத்தா' அவரைத் திரும்பவும் கொலம்பியக் கடற்கரைக்கு அழைத்து வந்தது. அப்பகுதியின் நாட்டார் இசையான வயெனாத்தோவின் வாசம் அதில் வீசுகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு 'எல் தொராதோ' ஆல்பத்தில் சேர்ந்தது. அந்த ஆல்பம் வந்த ஆண்டின் இறுதியில் குரல் நாணில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, உலகச் சுற்றுப்பயணத்தையே ஒத்திவைத்தார். 2018-இல்தான் மேடை ஏற முடிந்தது. குரலையே நம்பி வாழ்கிறவருக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நம் அமர்வில் கர்நாடக இசை பயிலும் உறுப்பினர் ஒருவர் பேசியது மனத்தைத் தொட்டது.

2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இளம் தயாரிப்பாளர் பிசாராப்போடு வந்த பாட்டு, அவருடைய இல்லற முறிவைப் பெயர்களைத் தொட்டுத்தொட்டுப் பேசியது. அதன் மீது ஊடகங்கள் செய்த ஆரவாரத்தை நாம் ஒதுக்கிவிட்டு, பாட்டாக மட்டும் கேட்டோம். பெண்கள் இனி அழுவதில்லை என்ற அதன் ஒரு வரி, 2024 மார்ச்சில் வந்த 'லாஸ் முஹேரெஸ் யா நோ யோரான்' ஆல்பத்துக்குத் தலைப்பாயிற்று. மன்றத்தின் பெண் உறுப்பினர்கள் முழுப் பொறுப்பேற்று நடத்திய அமர்வு இது. தலைப்பு அப்படிச் சொன்னாலும், பிள்ளைகளை முன்னிட்டு எழுதிய 'அக்ரோஸ்திகோ' போன்ற பாடல்களில் அழுகை இருக்கிறது, அதை மறைக்காததுதான் ஆல்பத்தின் பலம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் ஆண்டு முடியும் தறுவாயில், 2025 பிப்ரவரியில், இந்த ஆல்பத்துக்காக அவருக்கு நான்காவது கிராமி கிடைத்தது. விருதை அமெரிக்காவில் வாழும் குடியேறிகளுக்குக் காணிக்கையாக்கினார்.

பாடல் வரிகளைத் தமிழில் பொருள் எழுதித் தந்த ஸ்பானியம் அறிந்த உறுப்பினர்களுக்கும், ஒலிக்கருவிகளைத் தாமே கொண்டுவந்து அமைத்துத் தந்த நண்பர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த குடும்பங்களுக்கும் மன்றத்தின் நன்றி. தமிழாக்கங்கள் அனைத்தையும் ஒரு கோப்பாகக் கட்டி நூலகத்தில் வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் அங்கேயே படிக்கலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பெயர்களைப் பரிந்துரைக்கிறது. ஒருவர் குளோரியா எஸ்டெஃபான். மற்றவர், 1995-இல் இளம் வயதில் கொல்லப்பட்டு, அதே ஆண்டு வெளியான ஆல்பத்தால் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்ட டெக்சாஸ் பாடகி செலீனா. என் வாக்கு செலீனாவுக்கு, முடிவு பேரவையினுடையது. வாக்கெடுப்பைத் தலைவர் நடத்துவார்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்