கடிவாயைக் கீறச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஷச் சிலந்தி கடித்தால் ‘மேலே இறுக்கிக் கட்டி, லேசாகக் கீறி ரத்தத்தை வெளியேற்றுங்கள்’ என்று சென்ற இதழின் மருத்துவப் பக்கம் சொல்கிறது. தங்கள் பார்வையைத் தாண்டி இந்த வரி அச்சேறியதுதான் வருத்தம். கீறினால் விஷம் வெளியே வராது, கிருமி உள்ளே போகும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிவந்த இடத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதினால், பரவுகிறதா என்பது மருத்துவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கட்டு தேவைப்படுவது ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திக்கு. அதுவும் ரத்தத்தை நிறுத்தும் கயிறு அல்ல. சுளுக்குக்குச் சுற்றுவதுபோல், கடிபட்ட கை அல்லது கால் முழுக்க எலாஸ்டிக் பேண்டேஜ், அதன்மேல் அசையாமலிருக்கச் சிம்பு, அதாவது தாங்கு கட்டை. அதே கட்டைக் கருப்பு விதவைச் சிலந்திக் கடிக்குப் போட்டால் வலிதான் கூடும். இந்தக் கடியில் தோலில் அதிகம் தெரியாது. ஓரிரு மணி நேரத்தில் வயிறு பலகைபோல் இறுகும், வியர்வை கொட்டும், ரத்த அழுத்தம் ஏறும். குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றைத் திறந்துவிடும் ஆபத்தும் உண்டு. வலிநிவாரணியும் தசையைத் தளர்த்தும் மருந்துமே முதல் சிகிச்சை; கடுமையானால் அதற்குரிய முறிமருந்து. பாம்புக்கடி முறிமருந்து இதில் உதவாது. முன்பொரு இதழில் தாங்கள் பரிந்துரைத்த கால்சியம் ஊசியால் பலனில்லை என்று மருத்துவர்கள் அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது.

அழுகிய புண் படம் வரும்போதெல்லாம் கீழே ‘சிலந்திக் கடி’ என்று போடுகிறீர்கள். கடித்ததை யார் பார்த்தார்கள்? சதையை அழிக்கும் பழுப்புச் சிலந்தி இல்லாத ஊர்களிலும் இதே பெயரைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சீழ்க்கட்டியாகவோ சர்க்கரைப் புண்ணாகவோ இருக்கும். அதற்கான சிகிச்சைதான் தள்ளிப்போகிறது. உண்மையிலேயே பழுப்புச் சிலந்தி கடித்திருந்தாலும் அவசரப்பட்டு அறுக்கக்கூடாது. செத்த சதையின் எல்லை தெளிவாகத் தெரியப் பல வாரமாகும். அதற்குமுன் வெட்டினால் புண் பெரிதாகும். சிறுநீர் கருத்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள்.

இவ்வளவும் தாங்கள் அறியாததல்ல. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். பக்கத்தைக் கிழித்து மருந்துப் பெட்டியில் ஒட்டிவைக்கும் வாசகர்கள் தங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்