வெறும் வயிறானாலும் இன்சுலின் வேண்டும்

அன்பு மகளுக்கு,

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குப் புனேயில் நாள் குறித்தாயிற்று என்று நேற்று சொன்னாய். போனில் பேசினால் "சரிம்மா, தெரியும்மா" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சர்ஜிகல் வார்டிலேயே தலை நரைத்தவள் நான். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. மூன்று நான்கு துளை போடுவார்கள், ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் மூன்று மாசச் சராசரிச் சர்க்கரையும் (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது, அதனால் தள்ளிப் போடாமல் நாள் கொடுத்திருக்கிறார்கள். என் கவலையெல்லாம் முந்தின ராத்திரியும் அன்றைக்குக் காலையும்தான்.

"பட்டினிதானே, இன்சுலின் எதுக்கு?" என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்பவர் கெட்டவர் இல்லை. வார்டில் படுத்திருக்கும் சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் டைப் 2. அவர்கள் உடம்பில் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும். ஒரு வேளை மாத்திரையை நிறுத்தினால் ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் பழக்கத்தில் உன்னையும் அதே வரிசையில் சேர்த்துவிடுவார்கள். உனக்கோ ஒன்பது வயசிலிருந்து டைப் 1. வெளியிலிருந்து போட்டால்தான் உண்டு. நீ சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கத்தி பட்டதும் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஹார்மோன்கள் எல்லாம் ஏறி அதை இன்னும் முடுக்கிவிடும். அந்த நேரத்தில் இன்சுலினே இல்லையென்றால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற அமிலமாக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு காலேஜ் பையன், உன்னை மாதிரியே டைப் 1, குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தான். கேஸ் ஷீட்டில் "வாய்வழி எதுவும் வேண்டாம்" என்று எழுதியவர், இன்சுலினையும் சேர்த்து நிறுத்திவிட்டார். மறுநாள் மத்தியானம் அவனுக்கு வாந்தி, வயிற்றுவலி. ஆபரேஷன் ஆன வயிறு வலிக்கத்தானே செய்யும், மயக்க மருந்துக்கு வாந்தி வரத்தானே செய்யும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சாயங்கால டியூட்டிக்கு வந்த நர்ஸ் அவன் பக்கத்தில் குனிந்தபோது மூச்சில் பழ வாடை அடித்திருக்கிறது. மூச்சும் ஆழமாக, இரைக்க இரைக்க வந்துகொண்டிருந்தது. சிறுநீரில் கீட்டோன் நாலு பிளஸ். ஐசியூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டான். கீட்டோன் ஏறினால் என்னென்ன வருமோ, அதில் பாதி சாதாரணமாக ஆபரேஷனுக்குப் பிறகும் வருவதுதான். அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

ஆகவே உன் ராத்திரி கிளார்ஜினை, அதுதான் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இன்சுலினை, விட்டுவிடாதே. வழக்கமாகப் போடுவதில் முக்கால் பங்கிலிருந்து 80 சதவீதம் வரை போடச் சொல்வது வழக்கம். உனக்கு எத்தனை யூனிட் என்பதை உன் சுகர் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்த இடத்தில் யாராவது பூஜ்ஜியம் போட்டிருந்தால் "ஏன்?" என்று கேள். சாப்பாட்டுக்குப் போடும் இன்சுலின் வேறு கதை. சாப்பாடு இல்லையென்றால் அது வேண்டாம்.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது, காலையில் முதல் கேஸாக வைக்க முடியுமா என்று கேட்டுவிடு. பட்டினி நேரம் குறையக் குறைய எல்லாமே சுலபம். விடிகாலையில் சுகர் குறைந்து லோ ஆனால் என்ன செய்யலாம் என்பதையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள். தெளிந்த தண்ணீர் வகைகளுக்குப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதி உண்டு. குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் அதில் சேரும், பாலும் பால் கலந்த காபியும் சேராது. பதறிப்போய் பிஸ்கட்டைக் கடித்துவிட்டால் ஆபரேஷனே தள்ளிப்போகும்.

சின்ன ஆபரேஷன் என்றால் கிளார்ஜினை வைத்தே, அடிக்கடி சுகர் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். இல்லையென்றால் சிரிஞ்ச் பம்பில் இன்சுலின் ஓடும். 50 யூனிட்டை 50 மில்லி சலைனில் கலப்பார்கள், ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், கணக்கு சுலபம். பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலும் தொங்கும். "சர்க்கரைக்காரிக்குக் குளுக்கோஸா!" என்று உன் அத்தை கத்தினால் சிரித்துவிட்டு விடு. இன்சுலின் ஓடும்போது குளுக்கோஸும் ஓட வேண்டும். பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்சுலின் அதை செல்லுக்குள் தள்ளி ரத்தத்தில் குறைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூன்றையும் ஒரே பாட்டிலில் கலந்துவிடுவோம். ஆல்பர்ட்டி முறை என்று பெயர், 1979இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. நல்ல முறைதான், ஆனால் சுகர் மாறினால் மொத்த பாட்டிலையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். இப்போது பம்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், கொடுத்து வைத்தவர்கள்.

பம்பை நிறுத்தும் நேரத்தில் மட்டும் கவனமாக இரு. ரத்தக்குழாயில் போகும் இன்சுலின் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். தோலில் போடும் இன்சுலின் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் பம்பை எடுக்க வேண்டும். டியூட்டி மாறும் நேரத்தில் இது கோட்டை விடப்படும். அரைகுறை மராத்தியிலாவது கேட்டுவிடு.

உன் இன்சுலின் பேனாவைப் பையிலேயே வைத்துக்கொள். அதில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். வார்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பி பெரும்பாலும் 40 யூனிட்டாக இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. அவசரத்தில் யாராவது பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சினால், 10 என்று நினைத்துப் போடுவது 25 ஆகிவிடும். மூடியின் நிறத்தைப் பார்க்காமல் கையை நீட்டாதே.

அப்புறம் உன் அப்பா. "சுகர் நூறைத் தாண்டக் கூடாது" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2001இல் பெல்ஜியத்தில் லூவன் நகரத்து ஐசியூவில் சர்க்கரையை 80க்கும் 110க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தபோது சாவு குறைந்தது, உலகமே அதைப் பின்பற்றக் கிளம்பியது. 2009இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளை வைத்து நைஸ் சுகர் ஆய்வு வந்தது. அதில் 180க்குள் விட்டவர்களைவிட இறுக்கிப் பிடித்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். மோசமான லோவும் இறுக்கிப் பிடித்தவர்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். இப்போது ஆபரேஷன் நேரத்தில் 100லிருந்து 180 வரை இருந்தால் போதும் என்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. மயக்கத்தில் கிடப்பவளுக்கு லோ ஆனால் கை நடுங்குகிறது, பசிக்கிறது என்று சொல்ல வாயிருக்காதே. 180க்கு மேலே ஏறிக்கொண்டே போனாலும் விடமாட்டார்கள், புண் சீழ் பிடிக்கும்.

வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால், சில மணி நேரம் கழித்துச் சுகர் குதிக்கும், ஒரு நாள் வரை ஆட்டம் காட்டும். போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள். ராத்திரி 250 காட்டினால் காரணம் புரியும். அதற்காக நீயாகப் பேனாவை எடுத்துக் குத்திக்கொள்ளாதே, நர்ஸிடம் சொல்.

சிறுநீர் கீட்டோன் பட்டை ஒரு டப்பா வாங்கி வை. சுகர் டாக்டர் எழுதித் தரும் டோஸ் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அசல் உன் கேஸ் ஷீட்டிலேயே இருக்கட்டும். நான் முந்தின நாள் காலையில் புனே வந்துவிடுவேன். அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். சுகர் பார்க்கும் உன் கைச் சென்சார் எண் அவர் போனில் தெரிவதை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்திவிடு. தியேட்டரில் எப்படியும் அதை மட்டும் நம்பாமல் ரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். இவரோ அம்பு கீழே காட்டினாலே மயக்க மருந்து டாக்டர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா