மாய் போ சதுப்பு நிலப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாம் ஹாங்காங்கில் காணவிருக்கும் மாய் போ, 1995-இல் ராம்சார் தலமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தது. அனுமதியின்றி உள்ளே செல்ல முடியாது என்பதால், வருவோர் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் உள்ள நம் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு வரும் உள்ளான்கள் எனும் கரையோரப் பறவைகளின் வலசைப் பாதையிலேயே மாய் போவும் அமைந்திருக்கிறது. எனினும், கரண்டி போன்ற அலகை நீருக்குள் இருபுறமும் வீசி மீனும் இறாலும் தேடும் கருமுகக் கரண்டிவாயன் அங்கே குளிர்காலத்தைக் கழிப்பதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏற ஏறச் சேற்றுப்பரப்பு சுருங்கிப் பறவைகள் பார்வைக் குடில்களை நெருங்கும் என்பதால், புறப்படும் நேரம் ஓத அட்டவணையைப் பார்த்தபின் அறிவிக்கப்படும்.

வடகாற்று வீசினால் நன்றாகவே குளிரும். நம் ஊர் நினைப்பில் அரைக்கைச் சட்டையோடு வந்துவிட வேண்டாம்.