குட்டைக் கணக்கு கேட்கப் போனபோது கூட வந்தவர்களுக்கு

வணக்கமுங்க.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, நாங்கள் நாலு பேர் செய்தி எழுத உட்கார்ந்தோம். தனியார் விளம்பரம் வாங்குவதில்லை, அரசு விளம்பரமும் வேண்டாம், வருகிற பணத்தில் லாபமென்று யாரும் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே பேசி முடித்தோம். கோட்டையில் போடும் அரசாணை நம்மூர்க் குட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் வந்து சேரும்போது என்னவாகிறது என்று பார்த்து எழுதுவது மட்டும்தான் வேலை. இப்போது அத்திக்கடவு தொடர் முடிந்திருக்கிறது. உங்களுக்கெல்லாம் ஒரு மடல் எழுதாமல் அடுத்த வேலையைத் தொட மனசு வரவில்லை.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாத்தன் காலத்துக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதப் பந்தலில் இருந்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். 2019இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17இல் தொடக்க விழா. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் போகிற உபரி நீரில் 1.5 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டு வருவதுதான் திட்டம். அதில் பொதுப்பணித் துறை ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42. மீதி 971ம் குட்டைகள். பெரிய குளம் நிரம்பினால் படம் எடுக்க ஆள் வரும். ஊர்க்கோடிக் குட்டையை யார் போய்ப் பார்ப்பது? அதனால் நாங்கள் அந்தக் குட்டைகளைத்தான் கேட்டோம்: எதற்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தண்ணீர்?

முதல் நன்றி கோபியிலிருந்து வந்து எங்களுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்த வக்கீலம்மாவுக்கு. தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு அலுவலகத்திலிருந்து வந்த முதல் பதிலில், நாங்கள் கேட்ட மாதிரி தொகுத்த தகவல் இல்லை என்று ஒரே வரிதான் இருந்தது. அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: “தொகுத்துக் குடுங்கன்னு கேக்காதீங்க கண்ணு. எந்தப் பதிவேட்டுல எழுதறாங்களோ அதோட பேரைச் சொல்லி நகல் கேளுங்க. நேர்ல போய்ப் பாக்கறதுக்கும் சட்டத்துல உரிமை இருக்குது.” முதல் மேல்முறையீட்டை அவரே உட்கார்ந்து திருத்தினார். அதற்கப்புறம்தான் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல்களை வாங்கினோம். ஒரு பைசா ஃபீஸ் வாங்கவில்லை அவர். பஸ் செலவுகூட வாங்க மறுத்துவிட்டார்.

நகல் கைக்கு வந்தும் எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே உண்மை. ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் ஐயாதான் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் போட்டுக் காட்டினார். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் ஓட்டினால் 1.5 டிஎம்சி. அதை ஆயிரத்துச் சொச்சம் இடத்துக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்குச் சராசரியாக எவ்வளவு வரும், வழியில் ஆவியாவது, மண் குடிப்பது எவ்வளவு என்று நாலு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் இரண்டாம் கட்டுரையில் குட்டையின் கொள்ளளவை வந்து சேர்ந்த தண்ணீராக எண்ணி எழுதியிருந்தோம். அது அச்சுக்குப் போகும் முன்பு அவர் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால் தப்பான கணக்கு ஊரெல்லாம் போயிருக்கும்.

அன்னூர்ப் பக்கம் ஒரு ஆத்தா. ஆடு மேய்க்கிறவர். குட்டை மேட்டில் எங்களைப் பார்த்ததும் “யாரு சாமி நீங்க, கரண்ட் ஆபீசா?” என்றார். விஷயத்தைச் சொன்னோம். பேசாமல் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். ஆட்டுப்பட்டியை ஒட்டின வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் கோடு கோடாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்கெல்லாம் ஒரு கோடு, அமாவாசை வந்தால் ஒரு சுழி. எழுதப் படிக்கத் தெரியாது. “வந்துச்சா வரலியான்னு ஆராச்சும் கேப்பாங்கன்னுதானுங் கண்ணு” என்றார். அமாவாசைச் சுழியை வைத்துத் தேதி பிரித்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். இரண்டு நாள்தான் வித்தியாசம். தொடரில் நாங்கள் எழுதிய எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சான்று அந்தச் சுவர்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிற ஒரு தம்பி, சனிக்கிழமை கூலி வாங்கினதும் 50 ரூபாய் ஜிபேயில் அனுப்புவார். ஒரு வாரம் வரவில்லை. மறு வாரம் போன் செய்து, “போன வாரம் வேலை இல்லீங்க, சேத்தி அனுப்பியுட்டேன்” என்றார். கஷ்டமான வாரத்தில் விட்டுவிடலாமே தம்பி என்றேன். “நான் விட்டா நீங்க எப்படிங்க எழுதுவீங்க?” என்று கேட்டார். அவரைப் போல ஐம்பதும் நூறுமாகக் கொடுக்கிறவர்களால்தான் இந்த மூன்று வருடத்தில் எந்தச் செய்தியையும் ‘இப்போது வேண்டாமே’ என்று எங்களிடம் யாரும் சொல்ல முடியவில்லை.

இன்னும் பலர். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் நாட்களில் துறை துறையாக வரும் கொள்கை விளக்கக் குறிப்புகளைத் தூக்கம் விட்டுப் படித்து, எங்களுக்கு விளங்கும் தமிழில் சொன்ன வாத்தியார். பதிவேட்டு எண்களைக் கணினியில் ஏற்றிய கல்லூரிப் பிள்ளைகள். கேள்வி பிடிக்காவிட்டாலும் போனை எடுத்து, தங்கள் தரப்பை முழுசாகச் சொன்ன அலுவலர்கள். மாடிப்படி ஏறி டீ கொண்டுவரும் அண்ணன், இரண்டு மாதக் கணக்கை இன்னும் கேட்கவில்லை. இந்த வாரம் தீர்த்துவிடுகிறோம் அண்ணா.

பதிவேட்டு நகல்கள் அத்தனையையும் பைண்டிங் போட்டு மாடி அறையில் வைத்திருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபைக்கு உங்கள் ஊர்க் குட்டையின் பக்கம் வேண்டுமென்றால் முந்தின வாரமே வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு தவிர எல்லா நாளும் இருப்போம். ஆத்தாவின் ஊர்ப் பக்கத்தை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
குழுவில் எல்லோருக்காகவும்,
ஆசிரியர், அவிநாசி